ஆட்டிப் பார்க்காத நாற்காலி

தவறாக நினைக்காதீர்கள் அம்மா. உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பது என் பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்து வாய்க்குள் சிரிப்பார்கள். உங்களுடைய இந்த நாற்காலிக்கு இடது பின்கால் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை, இன்னும் ஒரு வருஷம் தாங்கும். கனத்த ஆட்களை மட்டும் இதில் உட்கார வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இந்தப் பழக்கம் இருந்தது. என் கணவருக்கு, எனக்கு, என் மகளுக்கு. பழைய மரச்சாமான்களைச் சீர் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. முன்னறைதான் பட்டறை. கால் போனது, முதுகு போனது, கை தொங்குவது என்று எப்போதும் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள் கிடக்கும். அதற்கு நடுவில் தவழ்ந்த குழந்தைக்கு வேறென்ன சொல்லிக் கொடுப்பது? "ஆட்டிப் பாரு, அப்புறம் உக்காரு." அம்மா, அப்பா என்ற சொற்களுக்கு அடுத்தபடி அவள் காதில் அதிகம் விழுந்தது அதுதான். பள்ளிக்கூடத்தில் பெஞ்சை ஆட்டிப் பார்த்து, பக்கத்துப் பிள்ளையின் மைக்கூடு கவிழ்ந்து, வாத்தியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அப்போதும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

உங்கள் வாசலில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கிடக்கிற பெஞ்சில், ஒன்பது நாளாக ஒரு பெண் வந்து உட்காருகிறாளே, சாம்பல் நிறச் சால்வை போர்த்திக்கொண்டு, அவள்தான் என் மகள். தினமும் உள்ளே வந்து, என் மாமனார் செத்ததற்கு நான்தான் காரணம், என்மேல் வழக்கு எழுதுங்கள் என்கிறாள். நீங்களும் சலிக்காமல், அது விபத்து, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்புகிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அவள் போவதில்லை. இன்று நான் வரும்போது பார்த்தேன். சிமெண்டில் கால் புதைத்த பெஞ்சு அது, யானை வந்து முட்டினாலும் அசையாது. அதை நாலு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அவளை நான் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வேகமாகப் போனால் நிறுத்தச் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் காகிதத்தில் ஒரு சின்னத் திருத்தம். 'பழைய நாற்காலி உடைந்ததால்' என்று எழுதியிருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். நாற்காலி உடையவில்லை. உள்ளே எங்கேயாவது வைத்திருப்பீர்கள், எடுத்துப் பாருங்கள். உடைந்த மரத்தில் சிராய் இருக்கும். இதில் ஒன்றுகூட இருக்காது. பின்கால்கள் இரண்டும் உறையிலிருந்து உருவிய கத்தி மாதிரி சுத்தமாக வெளியே வந்திருக்கும். அது கழன்றது. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

என் கணவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவர் உளி பிடிப்பார், நான் பாலிஷ் போடுவேன். அவர் போன பிறகு உளியையும் நானே எடுத்துக்கொண்டேன். மகளுக்குக் கப்பலில் வேலை பார்க்கிற பிள்ளை அமைந்தார். வருஷத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். கல்யாணம் பேசும்போது நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. அந்த எட்டு மாதமும் அவள் என்னோடு இருக்கட்டும். சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, மனைவியை முன்பே பறிகொடுத்தவர். "இதுல கேக்க என்ன இருக்கு சம்பந்தியம்மா, உங்க பொண்ணு, உங்க வீடு" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

மூன்று வருஷம் சொன்னது சொன்னபடி நடந்தது. மாப்பிள்ளை கப்பலேறிய மறுநாள் அவள் பெட்டியோடு வந்து நிற்பாள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். நான் வேலை செய்வேன், அவள் எதையாவது படித்துக்கொண்டிருப்பாள். இரண்டு தட்டு கழுவுவேன். தனியாக இருக்கும்போது ஒரு தட்டு. இந்த இடத்தை நீங்கள் எழுத வேண்டாம்.

நாலாவது வருஷம் சம்பந்திக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறிப்போனது. மாப்பிள்ளை விடுப்பு எடுத்து இரண்டு மாதம் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினார். நான் இவளுக்காக மெத்தையைத் தட்டிப் போட்டு வைத்திருந்தேன். இவள் வரவில்லை. மாமாவை இப்படி விட்டுவிட்டு எப்படி வருவது, ரெண்டு மாசம் போகட்டும் என்றாள். ரெண்டு மாசம் ரெண்டு வருஷமானது.

அவர் அவளைப் படுத்தி எடுத்தார் என்று நான் சொல்லப்போவதாக நீங்கள் காத்திருக்கிறீர்கள். பேனா அப்படி நிற்கிறது. அப்படிச் சொல்ல முடிந்தால் எனக்கும் வசதியாக இருக்கும். அவர் நல்ல மனிதர். காலையில் தன்னைக் குளிப்பாட்ட ஒரு ஆள் ஏற்பாடு செய்திருந்தார், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மகள் அவரை அண்ணன் என்று கூப்பிடுவாள். சமையலுக்கு ஒரு அம்மாள் வருவார். மகளுக்கு வேலை என்று பெரிதாக எதுவும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத் துணையாக இருப்பாள், அவ்வளவுதான்.

அந்தப் பேச்சுத்தான் எனக்குப் பிடிபடவில்லை. அவர் வாயிலிருந்து வருவது ஒரு எழுத்துகூட யாருக்கும் புரியாது. டாக்டருக்குப் புரியாது, பெற்ற பிள்ளைக்குப் புரியாது. இவளுக்கு மட்டும் புரியும். வாரத்துக்கு இரண்டு நாள் இரண்டு பஸ் மாறிப் போய் அவர்கள் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அவர் எதையோ கொழகொழவென்று சொல்வார். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு என் பக்கம் திரும்பி, "உன்ன மர டாக்டர்னு சொல்றாரும்மா. அவரு காலுக்கும் ஒரு ஒட்டுப் போட்டு, ரெண்டு கோட்டு பாலிஷ் அடிச்சு விடச் சொல்றாரு" என்பாள். நானும் சிரிப்பேன். இன்னொருத்தர் விளக்கிச் சொன்ன பிறகு சிரிப்பது, ஆறிப்போன தேநீரைச் சூடு பண்ணிக் குடிப்பது மாதிரி.

ஒரு நாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன். ஒரே ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போ, அண்ணன் இருக்கிறார், சமையலம்மா இருக்கிறார், பார்த்துக்கொள்வார்கள் என்றேன். அவள் என் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அங்க வந்து என்னம்மா பண்ணுவேன்? ரெண்டு பேரும் உக்காந்து அப்பா போட்டோவப் பாத்துக்கிட்டு இருப்போம். இங்க நான் சிரிக்கிறேம்மா."

எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை களைத்துப்போயிருக்கிறது என்று தெரிந்தது. அதிகமாகக் களைத்தவர்கள் சும்மா சும்மா சிரிப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். அவளை அங்கேயிருந்து எடுக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். எப்படி என்று அப்போது தெரியாது.

அடுத்த மாதம் நாற்காலி கிடைத்தது.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. காலி பெயிண்ட் டப்பா, ஓடாத சைக்கிள், புறா எச்சம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. சம்பந்தியுடைய அப்பா உட்கார்ந்த நாற்காலியாம். அகலமான கை, உயர்ந்த முதுகு, பிரம்பு பின்னிய இருக்கை. பிரம்பு கிழிந்து தொங்கியது. எந்தப் புண்ணியவானோ அதற்கு மூன்று தடவை பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். முன்கால் ஒன்று அடியில் மண்ணாக உதிர்ந்தது. மகள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். மாமாவுக்கு இது வேண்டுமாம், உன்னால் முடியுமா என்றாள்.

கத்தி முனையால் பச்சையை ஒரு இடத்தில் சுரண்டினேன். அடியில் தேக்கு. தேன் நிறத்தில் கோடு கோடாக, அத்தனை வருஷம் பெயிண்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் தொழிலில் அது ஒரு பலவீனம்.

எங்கே போடப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஜன்னலோரம் என்பாள் என்று நினைத்தேன்.

"குளியலறையிலம்மா. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்குதாம். இரும்பு நாற்காலி முதுகுல பட்டா ஜில்லுங்குதாம். இதுல கை வச்சுக்க இடம் இருக்கு, நல்லா சாஞ்சுக்கலாம், பிரம்பு வழியாத் தண்ணியும் வடிஞ்சிடும். மாமாவே யோசிச்சுச் சொன்னாரு."

"குளியலறையிலயா? வெந்நீர் தினமும் பட்டா..." என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் இன்று நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். முடிக்கவில்லை. "சரி, பாக்கறேன்" என்றேன். கூலிவண்டி வைத்து அன்றே நாற்காலியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் அதோடு இருந்தேன் அம்மா. அப்படி ஒரு வேலையை என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை, இனிமேல் செய்யப்போவதும் இல்லை. பச்சையை உரித்து எடுக்கவே மூன்று வாரம் ஆனது. அவசரப்பட்டால் மரத்தின் மேல்தோல் போய்விடும். உதிர்ந்த காலை நல்ல மரம் வரும்வரை சாய்வாக அறுத்து, அதே வயதுத் தேக்குத் துண்டு தேடி ஒட்டுப் போட்டேன். கோடு கோட்டோடு சேர்கிற மாதிரி. இப்போதும் பாருங்கள், எங்கே ஒட்டு என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, மறுபடி உப்புத்தாள். பிரம்பை ஊறவைத்து நானே பின்னினேன். விரல் இரண்டு இடத்தில் கிழிந்தது. அரக்குப் பாலிஷைத் துணி உருண்டையில் தொட்டுத் தொட்டு, எட்டுப் போடுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்தேன், பதினாறு பூச்சு. வெயில் ஜன்னல் வழியாக அதன் கைமேல் விழும்போது வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நடுவில் இரண்டு காரியம் செய்தேன். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

பழைய நாற்காலியைச் சீர் செய்கிறவர்கள் மூட்டுகளைப் பிரித்து, சுத்தம் செய்து, புதிதாகப் பசை போட்டு மாட்டுவோம். பசையில் இரண்டு வகை. கடையில் விற்கிற புதுப் பசை ஒன்று, தண்ணீர் பட்டாலும் விடாது. இன்னொன்று வச்சிரம். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது, அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போட்டார்கள். பழைய சாமானுக்கு வச்சிரம் போடுவதுதான் முறை. ஏனென்றால் நூறு வருஷம் கழித்து இன்னொருத்தர் கைக்கு இது வரும், அவர் மரத்துக்குக் காயம் இல்லாமல் பிரிக்க வேண்டும். வச்சிரத்தைச் சூடும் ஈரமும் காட்டிப் பிரித்துவிடலாம். என் கணவர் சொல்வார், நம்ம வேலை அடுத்தவன் கழட்டுற மாதிரி இருக்கணும் என்று.

நான் வச்சிரம்தான் போட்டேன். தொழில் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சரியான முறையைத்தான் செய்திருக்கிறாள் என்பார்கள். ஜன்னலோரம் போடுகிற நாற்காலியாக இருந்தால் இன்னும் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது, மர ஆணி. அந்த நாற்காலி செய்த ஆசாரி பெரிய ஆள். பசையை நம்பவில்லை. பின்கால் மூட்டு ஒவ்வொன்றிலும் குறுக்கே இரண்டு மர ஆணி அடித்திருந்தார். பசை போனாலும் ஆணி விடாது. அந்த நாலு ஆணியையும் நான் எடுத்தேன். திரும்ப அடிக்கவில்லை. ஓட்டைகளில் தேன்மெழுகோடு மரத்தூள் குழைத்து அடைத்தேன். மேலே பாலிஷ் போட்ட பிறகு ஆணித் தலை மாதிரியே இருக்கும். அடிப்பக்கத்துக்குப் பாலிஷ் போடாமல் விட்டேன், மரம் ஈரத்தைக் குடிக்கட்டும் என்று.

கணக்கில்லாமல் எதையும் செய்கிறவள் இல்லை நான். மீதித் தேக்கில் அதே அளவில் ஒரு மூட்டு செய்து, அதே வச்சிரம் போட்டு, என் வீட்டுக் குளியலறையில் ஒரு மணல் மூட்டையைத் தாங்கும்படி நிறுத்தி வைத்தேன். தினமும் காலையில் ஒரு வாளி வெந்நீர் ஊற்றினேன். இருபத்திரண்டாம் நாள் காலை விழுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. மணலைக் கூட்டி அள்ளினேன்.

காலையில் குளிப்பாட்டுவது அண்ணன். அந்த நேரத்தில் மகள் சமையலறையில் இருப்பாள். அவள் கண்ணில் படாது. அண்ணனுக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் வரும். வயதான மனிதர், அந்த வேலையை விட்டுவிட்டு ஓய்வாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். இப்படி எல்லாருக்கும் எது நல்லது என்று யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

நாற்காலியைக் கொண்டுபோய் இறக்கிய நாள் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. கூடத்தில் வைத்து மேலே போட்டிருந்த துணியை எடுத்தேன். சம்பந்தியை அண்ணனும் மகளும் தூக்கி உட்கார வைத்தார்கள். ஆறடி ஆள். இடது கையால் நாற்காலியின் கையைத் தடவினார், திரும்பத் திரும்பத் தடவினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஏதோ சொன்னார், நீளமாக. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிறகு சொன்னாள்.

"மாமா சொல்றாரு, மாடி சும்மாத்தான கிடக்கு, மர டாக்டர் பட்டறையோட இங்கயே வந்துடட்டும்னு. உளிச் சத்தம் கேட்டா அவருக்குத் தூக்கம் வருமாம். வாம்மா. நானும் எத்தன தடவ கேக்கணும்னு நெனச்சேன், நீ வீட்ட விட்டு வரமாட்டேன்னு கேக்கல."

இதை நான் மறைக்கலாம், மறைக்கவில்லை. அவர் அப்படிச் சொன்னார். ஆனால் நீங்களே யோசியுங்கள். என் மகள் பக்கத்தில் இருப்பதற்கு நான் இன்னொருத்தர் வீட்டு மாடியில் போய் விருந்தாளியாக இருக்க வேண்டுமா? கீழே அவர்கள் சிரிப்பார்கள். நான் மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். என்ன சிரிப்பு என்று படியிறங்கி வந்து கேட்க வேண்டும். "பாக்கலாம்" என்றேன்.

கிளம்பும்போது மகள் வாசல்வரை வந்தாள். அவள் தொழிலுக்குள் வளர்ந்த பெண் இல்லையா, அவளுக்கு ஒரு சந்தேகம்.

"வெந்நீர் ஊத்தலாமில்லம்மா? ஒண்ணும் ஆகாதே?"

"தாராளமா ஊத்து. ஒண்ணும் ஆகாது" என்றேன். இந்த மொத்த விஷயத்தில் நான் வாய்விட்டுச் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பிறகு நாள் எண்ணினேன். இருபது வந்தது, இருபத்திரண்டு வந்தது. நாற்காலியின் மூட்டு நான் செய்த மாதிரியைவிட இறுக்கம், ஒன்றிரண்டு நாள் கூட ஆகும் என்று தெரியும். இருபத்திமூன்றாம் நாள் சாயந்திரம் மகள் போன் செய்தாள். குரல் சந்தோஷமாக இருந்தது. அண்ணனுடைய மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம், அவர் பார்க்கப் போகிறாராம், நாளைக்கு மாமாவை நானே குளிப்பாட்டப்போகிறேன், சமையலம்மா கை கொடுப்பாங்க என்றாள்.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பட்டறையில் வச்சிரச் சட்டி அடுப்பில் இருந்தது, அதன் வாடை வந்துகொண்டிருந்தது. நாளைக்கு ஒரு நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் குளிப்பாட்டு என்று சொன்னால் போதும். ஆறு சொல். என்னம்மா, போனை வைத்துவிட்டாயா என்று இரண்டு தடவை கேட்டாள்.

"தரை ஈரமா இருக்கும், நீ வழுக்கி விழுந்துடாதே" என்றேன்.

ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்று நினைத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்த்தீர்களா.

மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரியும். சமையலம்மா துண்டு எடுக்கப் போயிருக்கிறார். இவள் வாளியில் தண்ணீர் விளாவுவதற்குத் திரும்பியிருக்கிறாள். அவர் சாய்ந்திருக்கிறார். பின்தலை தொட்டியின் விளிம்பில். மத்தியானம்வரை உயிர் இருந்தது.

நான் கணக்கில் தவறவிட்டது ஒன்று. துக்கம் என்று வந்தால் பெண்பிள்ளை அம்மாவிடம்தான் வரும் என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை கப்பலிலிருந்து வந்தார், அழுதார், இவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கொஞ்ச நாள் உங்க அம்மா வீட்டில் இரு என்று அவரே சொல்லிவிட்டுத்தான் போனார். நான் மெத்தையைத் தட்டிப் போட்டேன். இவள் வரவில்லை. பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருந்தாள். குழாயைத் திறந்தால் அந்தச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்துகிறாள். அன்றிலிருந்து தலைக்குத் தண்ணீர் விடவில்லை. சோற்றைப் பிசைந்து அப்படியே வைக்கிறாள்.

பத்து நாள் முன்னால் நான் போனபோது அந்தக் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஏண்டி கண்ணு, உன் தப்பு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். முதலில் வேறு எதையோ சொன்னாள்.

"மாமா கடைசியா என்ன சொன்னாருன்னு யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டுந்தான் புரிஞ்சுது. நாற்காலி கழண்டுபோச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லாதேன்னாரு. மூணு மாசம் உழைச்சாங்க, மனசு ஒடஞ்சு போயிடும்னாரு."

பிறகு அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"தெனமும் எந்த நாற்காலியில உக்காந்தாலும் ஆட்டிப் பாக்குறவ நான். அண்ணன் உக்கார வைக்கும்போதுகூட, ஆட்டிப் பாத்துட்டு வைங்கண்ணேன்னு பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சொல்லுவேன். இத மட்டும் ஒரு நாள்கூட ஆட்டிப் பாக்கலம்மா. நீ செஞ்சதாச்சேன்னு பாக்கல. ஒரு தடவ ஆட்டியிருந்தாத் தெரிஞ்சிருக்கும். உன்மேல தப்பில்லம்மா, மரம்னா தளரும், நீதான் சொல்லியிருக்க. ஆட்டிப் பாக்காதது என் தப்பு."

அதற்கடுத்த நாளிலிருந்து இங்கே வந்து உட்காருகிறாள்.

அன்று நான் அவளுக்காக ஏதாவது எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து, மெத்தையை மறுபடி தட்டிப் போட்டேன். ஒன்பது நாள் அப்படியே போனது. நேற்றுத்தான் எனக்குப் பிடிபட்டது. அவள் தன்மேல் தப்பு என்று நினைக்கிறவரை அந்த வீட்டை விட்டு வர மாட்டாள். அவர் உயிரோடு இருந்தபோது சிரிப்புப் பிடித்து வைத்தது, இப்போது இது பிடித்து வைக்கிறது. இதையும் எடுத்துவிட வேண்டும்.

இதோ, இந்த டப்பாவை மேசைமேல் வைக்கிறேன். திறந்து பாருங்கள். நாலு மர ஆணி. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம், பழைய சாமானிலிருந்து எடுத்த எதையும் எறிய மாட்டோம், என்றைக்காவது உரியவர் கேட்பார். உள்ளே இருக்கிற நாற்காலியின் பின்கால் மூட்டில் மெழுகைக் குத்தி எடுத்துவிட்டு இதைப் பொருத்திப் பாருங்கள். நாலும் அதனதன் ஓட்டையில் போய் உட்காரும். மூட்டுக்குள் செருகியிருந்த நாக்கில் விரலை நனைத்து வைத்தால் இன்னும் பிசுபிசுக்கும். சாட்சி என்று வேறு எதுவும் உங்களுக்கு வேண்டியிருக்காது.

நான்தான் செய்தேன். தெரிந்து, நாள் எண்ணி, மாதிரி செய்து பார்த்துச் செய்தேன். அவர் விழ வேண்டும் என்றுதான் செய்தேன். எழுதிவிட்டீர்களா?

எனக்கு மனது உறுத்துகிறதா என்று கேட்க நினைக்கிறீர்கள். உறுத்துகிறது. அந்த நாற்காலிக்கு நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது. மூன்று மாதம் என் கையை நம்பிக் கிடந்தது. வழக்கு முடிந்ததும் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மரத்துக்கு ஒரு கீறல் இல்லை. யாராவது நாலு ஆணியையும் அடித்துக் கொடுத்தால் போதும்.

மூன்று பக்கம் வந்துவிட்டதா, பரவாயில்லை, காட்டுங்கள், எல்லாவற்றிலும் போடுகிறேன். என் கையெழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், உளி பிடித்த கை.

இப்போது அவளை உள்ளே கூப்பிடுங்கள். நானிருந்தால் அழுவாள், நீங்களே படித்துக் காட்டுங்கள். நாற்காலிக் கதை முழுவதும் வேண்டாம், ஆட்டிப் பார்த்திருந்தாலும் அது அன்றைக்கு ஆடியிருக்காது என்கிற இடத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். அதை நான் சொல்லவில்லையோ? சேர்த்துக்கொள்ளுங்கள். பசை இளகினாலும் மூட்டு இறுக்கமாகத்தான் நிற்கும், ஒரு ஆள் சாயும்போதுதான் வாய் திறக்கும். ஆட்டிப் பார்த்தால் தெரியாது. அப்படித்தான் செய்தேன். அவள் ஆட்டிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாதா?

இதைக் கேட்டால் அவளுக்குப் பாரம் இறங்கிவிடும். முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள், பசித்திருப்பாள். மெத்தை தட்டிப் போட்டிருக்கிறேன், இரண்டு தட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் சீக்கிரம் கூப்பிடுங்கள் அம்மா. இரண்டு பஸ் மாற வேண்டும். இருட்டுவதற்குள் நாங்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.